போடியில் ஒரு வெல்பரிக்காரர்

கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற ஆளை உங்களுக்குத் தெரியும். பஸ்சில் ஜன்னலைச் சாத்தச் சொல்கிற ஆளையும், சாத்தியதைத் திறக்கச் சொல்கிற ஆளையும் தெரியும். அதெல்லாம் பழைய இனம். இன்று உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப்போவது புது இனம். கேபிள் வயர் ஊருக்குள் வந்த பிறகு முளைத்தது. இதற்கு ‘நாம’ இனம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஏழு கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில், தன் முகத்தைப் பார்த்திராத, தன் பெயரைக் கேட்டிராத பதினொரு பேர் பந்தை உதைத்து ஜெயித்தால், மறுநாள் காலை டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நேத்து நாம ஜெயிச்சுட்டோம்" என்று சொல்பவர் எவரோ அவர் இந்த இனம். நாம என்றால் யார் யார்? அந்தப் பதினொரு பேரும் இவரும்.

எல்லா ஊரிலும் இவர்கள் உண்டு. ஆனாலும் முதல் தரச் சாம்பிள் பார்க்க வேண்டுமென்றால் போடிநாயக்கனூருக்குத்தான் வரவேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், முன்பக்கம் ஏலக்காய்க் கடையும் பின்பக்கம் வீடுமாக இருக்கிறாரே பெத்துராஜ், அவரைத்தான் சொல்கிறேன். வயது ஐம்பத்தேழு. ஞாயிறு தவறாமல் கோவில், திங்கள் தவறாமல் ஏலம், சனி தவறாமல் வெல்பரி.

வெல்பரி என்பது இங்கிலாந்தின் வடக்கே, மழைக்கும் குளிருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சிற்றூர். பதினெட்டு வருஷத்துக்கு முன் கேபிள்காரர் ஒரு மாதம் இலவசமாக விட்ட விளையாட்டுச் சேனலில் அந்த ஊர்க் குழு பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு ஓடியது. பெத்துராஜ் அப்போது ஒரு பிடி காயைக் கையில் வைத்துத் தரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பார்த்தார். டி.வி.யைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். "அட, நம்ம காய்க் கலருல்ல" என்றார். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து பந்தைக் காலால் தொட்டறியாத மனிதர் அந்த நிமிஷமே வெல்பரிக்காரராகிவிட்டார். ஆட்டத்தின் சட்டதிட்டமெல்லாம் பிறகு மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டதுதான்.

பந்துமேல் அப்படியொரு காதலா என்று கேட்காதீர்கள். தெருப்பிள்ளைகள் உதைக்கிற பந்து கடைக்குள் உருண்டு வந்தால் அது சாக்குக்கு அடியில் போய்விடும். திருப்பிக் கேட்டால், "வெளாட வேற எடமே இல்லையாடா ஒங்களுக்கு?" என்று விரட்டுவார். போடியில் உருளும் பந்து இடைஞ்சல். வெல்பரியில் உருள்வதுதான் பந்து.

கடைச் சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று நமக்கு, ஒன்று அவருக்கு. அவருடையது இங்கிலாந்து நேரம் காட்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைப்பார்களாம். இவரும் அன்று ஏணி போட்டு ஏறி, ஒரு சடங்குபோல முள்ளைத் திருப்பிவிட்டு இறங்குவார். உள்ளே காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற மருதாயிக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. "நம்மளுக்கு மணி ஒண்ணு, வயிறு காயுது. மொதலாளி அந்தக் கடியாரத்தப் பாத்துட்டு இப்பத்தான் விடிஞ்சிருக்குங்கறாரு" என்பாள்.

சித்திரை வெயிலில் தார் உருகும்போது டீக்கடையில் உட்கார்ந்து, "இன்னைக்கு நல்ல மழை" என்பார். பக்கத்தில் இருப்பவர் வானத்தைப் பார்ப்பார். "இங்க இல்ல, அங்க" என்பார் பெத்துராஜ். மலைமேல் போடிமெட்டில் மழையா, மண் சரிந்து பாதை அடைத்திருக்கிறதா என்று ஜீப்புக்காரர் கேட்டால், "தெரியலயேப்பா" என்று கையை விரித்துவிடுவார். மலை அவர் வீட்டுக் கொல்லையிலிருந்து பார்த்தால் தெரியும்.

ஆட்டக்காரர்களை அவர் எடைபோடுவதும் காயை எடைபோடுகிற மாதிரிதான். கோடிகோடியாகக் கொட்டி வாங்கிய ஆள் மைதானத்தில் நடந்துகொண்டிருந்தால், "தொலிதான் பெருசு, உள்ள அரிசி இல்ல" என்று, விதையில்லாத காயைத் தள்ளுவதுபோல ஒரே வரியில் தள்ளிவிடுவார். குழு ஜெயித்தால் நாம ஜெயித்தோம். தோற்றால்? நடுவர் ஜெயித்தார்.

இவருடைய சனிக்கிழமை திங்கட்கிழமை ஏலம் வரைக்கும் நீளும் என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தவர் சீனிச்சாமி. போடிமெட்டுக்கு மேலே சரிவில் கொஞ்சம் தோட்டம் வைத்திருக்கும் மனிதர். கால்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் ஞாயிறு காலை தவறாமல் போன் போடுவார்.

"அண்ணே, நம்ம ஆளுக என்ன ஆனாக?"

"ரெண்டுக்கு ஒண்ணு. ஜெயிச்சுட்டோம் சீனி."

"அப்பிடியா. அப்ப சரக்கு வெரசா எறக்குறேன்."

தோற்றிருந்தால் சீனிச்சாமியின் காய் அந்த வாரம் காய்ந்திருக்காது, ஜீப்பு கிடைத்திருக்காது, மருமகளுக்குக் காய்ச்சலாகக்கூட இருக்கும். ஜெயித்த வாரம் பெத்துராஜ் எல்லாக் காயிலும் பச்சையைப் பார்த்து ஏலத்தில் விலையை ஏற்றுவார், தோற்ற வாரம் பச்சையிலும் பழுப்பைத் தேடுவார் என்பது மலை முழுக்கத் தெரிந்த சங்கதி. அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. சீனிச்சாமியும் வெல்பரிக்காரர் என்று அவர் மனசார நம்பிக்கொண்டிருந்தார்.

இனி ஆட்ட நேரத்துக்கு வருவோம். கை உடைந்த ஒரு மர நாற்காலி உண்டு. அதில் இடது காலை மடக்கித்தான் உட்காருவார். மனைவி புஷ்பலதா ஒருநாள் தற்செயலாகக் கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றபோது வெல்பரி அடித்து ஒரு கோல் விழுந்துவிட்டது. விழுந்தது கோல் மட்டுமா? அன்றிலிருந்து குழு பின்தங்கினால் அந்த அம்மாள் கரண்டியோடு வந்து வாசலில் நிற்க வேண்டும். "கொழம்பு தீயுதுங்க" என்றால், "அஞ்சே நிமிசம், அசையாத" என்பார். புஷ்பலதாவும் நிற்பார். இருபத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு எதற்குச் சண்டை போடலாம், எதற்குப் போடக்கூடாது என்று தெரியாதா?

எல்லாவற்றுக்கும் மேலே பெனால்டி. தடுக்க ஒருவன், உதைக்க ஒருவன், இடையில் பன்னிரண்டே கஜம். உலகமே கண்ணை அகல விரித்துப் பார்க்கிற அந்த நேரத்தில் பெத்துராஜ் வீட்டில் இருக்கமாட்டார். ஒருமுறை அவர் உற்றுப் பார்த்த பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்தமுறை கைகழுவப் போன நேரத்தில் அடித்தது உள்ளே போனது. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? நடுவர் கையைப் பெனால்டிப் புள்ளியை நோக்கி நீட்டினாரோ இல்லையோ, எழுந்து கொல்லைக்குப் போய், துவைகல்லுக்குப் பக்கத்தில் டி.வி.க்கு முதுகைக் காட்டி, போடிமெட்டைப் பார்த்தபடி, கண்ணை இறுக மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பார். யாராவது வந்து தோளைத் தொட்டால்தான் திரும்புவார். அவர் மகள் அபிஷா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோளைத் தொடுகிற வேலை அவளுடையது. தோள் எட்டாத வயதில் சட்டையைப் பிடித்து இழுப்பாள்.

அந்த அபிஷா நர்சிங் படித்தாள். சீமையில் வேலையும் கிடைத்தது. லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி, வெல்பரியில் ஓர் ஆஸ்பத்திரி, இரண்டில் எது வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். லண்டனில் அவளுடைய சிநேகிதிகள் நாலு பேர் இருந்தார்கள். வெல்பரியில் ஒருத்தரும் இல்லை. "யாருமே இல்லையா? நாம இருக்கோம்ல ஆத்தா" என்றார் பெத்துராஜ். அப்பா முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு அபிஷா வெல்பரிக்கே போனாள்.

போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. லீவு தகையவில்லை, ஊருக்கு வரவில்லை. அவள் அறை ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மைதானத்து விளக்குக் கம்பங்கள் தெரியும். வீடியோவில் கூப்பிட்டு, "அப்பா" என்று அவள் வாயெடுப்பதற்குள், "ஜன்னலக் காட்டு ஆத்தா" என்பார் இவர். அவள் போனை ஜன்னல் பக்கம் திருப்புவாள். விளக்கு எரிகிறதா, புல் வெட்டுகிறார்களா, மழையா என்று கேள்வி மேல் கேள்வி. "அவ மூஞ்சியக் கொஞ்சம் பாக்க விடுங்க. கம்பம் எங்கயும் ஓடிப்போயிராது" என்று புஷ்பலதா பின்னாலிருந்து சொல்வார். அதற்குள் அங்கே டூட்டிக்கு நேரமாகிவிடும். இரண்டு வருஷமாகப் பெத்துராஜ் தன் மகளைப் பார்த்ததைவிட அந்தக் கம்பங்களைப் பார்த்ததுதான் அதிகம். இது குற்றம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மகளையும் வெல்பரியையும் அவர் ஒன்றாகவே முடிந்து வைத்திருந்தார்.

போன அக்டோபரில் அபிஷாவுக்கு முதன்முதலாக ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. ஆட்டத்துக்கு டிக்கெட்டும் கிடைத்தது. கோலுக்குப் பின்னால், நாலாவது வரிசை. செய்தி வந்த அன்றைக்குப் பெத்துராஜ் கடையைச் சாத்தாத குறை. மந்திரிகள் வந்தால் போடுவார்களே ஏலக்காய் மாலை, அதுபோல ஒன்றைக் கோர்க்கச் சொன்னார். பொறுக்கி எடுத்த முதல் தரக் காயாகப் பார்த்து மருதாயி மூன்று நாள் உட்கார்ந்து கோர்த்தாள். மாலை பார்சலில் வெல்பரி போய்ச் சேர்ந்தது.

"கேப்டன் கழுத்துல போட்ரு ஆத்தா."

"கிட்டக்கயே விடமாட்டாங்கப்பா."

"மாலையத் தூக்கிக் காட்டு. தன்னால விடுவாங்க."

"சரிப்பா. நீங்க டி.வி.ய விட்டு எந்திரிக்காதீங்க. கூட்டத்தையெல்லாம் காட்டுவாங்க. என்னையப் பாக்கணும் நீங்க."

"எந்திரிப்பனா? ஒட்டுமொத்தத் தெருவையும் கூட்டி உக்கார வச்சுருக்கேன்" என்றார் பெத்துராஜ்.

சொன்னபடியே கூட்டியிருந்தார். நம் ஊர்க் கணக்குக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆட்டம். கோவில்காரர்கள் வந்திருந்தார்கள். கடைப் பெண்கள் வந்திருந்தார்கள். சரக்கே இல்லாமல் சீனிச்சாமி மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். அன்றைக்குப் பெத்துராஜ் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? பந்து ஒரு பக்கம் ஓட, அவர் கண் கோலுக்குப் பின்னால் நாலாவது வரிசையையே மேய்ந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை தவறான ஆளைக் காட்டி, "அதா அதா" என்றார். ஒன்று ஆண்பிள்ளை. வெல்பரி ஒரு கோல் வாங்கியபோதுகூடப் புஷ்பலதாவைக் கரண்டியோடு நிற்கச் சொல்லவில்லை. பிறகு குழு எப்படியோ அதைச் சமன் செய்துவிட்டது. அதையும் அவர் பாதிதான் கவனித்தார்.

இன்னும் ஏழு நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. நடுவர் விசில் ஊதினார், கையைப் பெனால்டிப் புள்ளிக்கு நீட்டினார்.

பதினெட்டு வருஷப் பழக்கம் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? யோசிக்கிறதுக்கு முன்னால் கால் எழுந்துவிட்டது. "ஏங்க, அபிஷா எந்திரிக்கக் கூடாதுன்னுச்சே" என்று புஷ்பலதா சொன்னது அவர் முதுகில்தான் விழுந்தது. துவைகல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றார். இருட்டிவிட்டிருந்தது. தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வளைவு வளைவாக விளக்குப் போட்டுக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. கண்ணை மூடினார். காதைப் பொத்தினார்.

வீட்டுக்குள் எழுந்த சத்தம் காதைப் பொத்தியிருந்தும் கேட்டது. வழக்கத்தைவிடப் பெரிய சத்தம். வந்து தோளைத் தொட்டவள் மருதாயி.

"கோலா?"

"கோலும்தேன். மொதலாளி, நம்ம அபிஷா வந்துச்சு டி.வி.யில. எம்புட்டு நேரம் காட்டுனாங்கெ தெரியுமா? நாங் கோத்த மாலையத் தங்கழுத்துலயே போட்டுருக்கு."

பெத்துராஜ் உள்ளே ஓடினார். திரையில் பச்சைச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அவர்கள் அவருக்கு இடைஞ்சலாகத் தெரிந்தார்கள்.

"எப்பிடிக் காட்டுனாங்க? அத்தன பேருல எங்க பிள்ளைய மட்டும் எதுக்குக் காட்டுனாங்க?" என்று கேட்டார்.

புஷ்பலதா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீனிச்சாமிதான் மெல்ல ஆரம்பித்தார்.

"அம்புட்டுச் சனமும் ஆட்டத்தப் பாத்து நிக்குதுண்ணே. நம்ம பிள்ள மட்டும் இந்தப் பக்கம் திரும்பி நிக்குது. கண்ண மூடிக்கிருச்சு. ரெண்டு காதையும் பொத்திக்கிருச்சு."

"ஒங்கள மாதிரியேதேன் மொதலாளி" என்றாள் மருதாயி.

பெத்துராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார். இடது காலை மடக்கவில்லை. ஆட்டத்தின் சுருக்கத்தை மறுபடி போடுவார்கள் என்று காத்திருந்து பார்த்தார். போட்டார்கள். உதை இருந்தது, வலை இருந்தது, கட்டிப்பிடித்தது இருந்தது. அபிஷா இல்லை. சேனல்காரனுக்கு வேண்டியது கோல்தானே; அதை அவன் பெத்துராஜிடம் கற்றுக்கொண்டான் என்று சொன்னால் தப்பா? ஊரே பார்த்த தன் பிள்ளையைத் தான் மட்டும் பார்க்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

அரைமணி நேரத்தில் வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அப்பா, என்னையக் காட்டுனாங்களாமே. பாத்தீங்களாப்பா?"

பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கூடியிருந்தவர்களும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்கள். "இல்ல ஆத்தா. கொல்லையில நின்னுட்டேன்" என்றார்.

அபிஷா சிரித்தாள். "தெரியும்ப்பா. நானும் கோலப் பாக்கல."

"பாக்காம இருந்ததுதான் நல்லது. ரெண்டு பேரு திரும்பி நின்னம்ல, அதான் உள்ள போயிருக்கு" என்று பெத்துராஜ் தேறிக்கொண்டார். பிறகு, "மாலை கழுத்துல குத்தலையா ஆத்தா?" என்று கேட்டார்.

"குத்துச்சுப்பா. வாசம் நல்லா இருந்துச்சு, கழட்ட மனசு வரல. ரூமுக்குப் போயி ஜன்னலக் காட்டவா? பகல்லயே லைட்டெல்லாம் எரியுது."

"ஜன்னல் வேணாம். மூஞ்சியக் காட்டு." காட்டினாள். பெத்துராஜ் வெகுநேரம் பார்த்தார். "எளைச்சுட்டியே ஆத்தா."

"ரெண்டு வருசமா அதத்தான் சொல்றேன்" என்றார் புஷ்பலதா.

இத்தோடு பெத்துராஜ் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. அடுத்த மாதமே இன்னொரு பெனால்டி வந்தது. வழக்கம்போல எழுந்தார், அடுப்படி வாசல் வரை போனார், நின்றார். திரும்பி வந்து, புஷ்பலதாவின் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு, டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்று, அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"என்னங்க இது கூத்து?"

"பெனால்டியப் பாத்தாத்தான போகாது? நான் பெனால்டியப் பாக்கல. கண்ணாடியப் பாக்குறேன்."

பந்து வானத்துக்குப் போனது. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிந்ததால் வந்த வினை என்றார். மறுநாள் போன் போட்ட சீனிச்சாமிக்கு, பாவம், சரக்கு இன்னும் காயவில்லை. ஆனால் புஷ்பலதா ஒன்றைக் கவனித்திருந்தார். உதைக்கிறவன் ஓடிவரும்போதும் சரி, பந்து பறந்தபோதும் சரி, அந்தக் கண்ணாடி கோலுக்குப் பின்னால் நாலாவது வரிசைப் பக்கமே சாய்ந்திருந்தது. அபிஷாவுக்கு அன்றைக்கு டூட்டி. அது பெத்துராஜுக்கும் தெரியும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் கடைசி ஓவரில், "எவனும் எடத்த விட்டு அசையக் கூடாது" என்று வீட்டிலிருந்தவர்களை மிரட்டியது யார்? தண்ணீர் குடிக்க எழுந்தவளை உட்காரச் சொன்னது யார்? அன்றைக்கு ‘நாம’ ஜெயித்தோம் என்று தெருவெல்லாம் சொன்னீர்களே, அந்த நேரத்தில் உங்களுக்குப் பின்னால் நின்று யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்களா? ஞாபகம் இல்லையென்றால் பரவாயில்லை. ஒரு கண்ணாடி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.